கூழாங்கல் வைத்த மைக்

என் மேசையின் மேல் ஒரு மைக் இருக்கிறது. தொலைக்காட்சி நிருபர்கள் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார்களே, அந்த மாதிரி. கழுத்தில் நான்கு பக்கமுள்ள ஒரு கட்டை, அதில் வெளிர்நீல வண்ணம், அதன்மேல் வெள்ளையில் ஏதோ எழுத்துகள். இது எந்த மொழி என்று அறைக்கு வருகிறவர்கள் கேட்பதுண்டு. எந்த மொழியும் இல்லை. கலை இயக்குநரின் உதவியாளர் ஒருவர் பீர்மேட்டில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, பார்த்தால் வெளிநாட்டு எழுத்துபோல இருக்க வேண்டும், ஆனால் உலகத்தில் யாரும் படித்துவிடக் கூடாது என்று யோசித்து யோசித்துப் போட்ட கோடுகள் அவை. தலைப்பக்கத்துப் பஞ்சைக் கழற்றினால் உள்ளே கம்பியோ காந்தமோ கிடையாது, வெறும் பிளாஸ்டிக் குழாய்தான். குழாய் கனமில்லாமல் இருந்ததால் நடிகரின் கை லேசாக ஆடியது, அது கேமராவில் தெரிந்தது. அதற்காக ஓடையிலிருந்து ஒரு கூழாங்கல்லைப் பொறுக்கி உள்ளே போட்டு, இரண்டு பக்கமும் காகிதம் திணித்தார்கள். இத்தனை வருடத்தில் காகிதம் தளர்ந்துவிட்டது. இப்போது எடுத்து அசைத்தால் உள்ளே கல் ஓடும் சத்தம் கேட்கும்.

இந்த மைக்கில்தான் என் பெரியம்மா, தன் மகனைப் பற்றி உலகத்துக்குச் சொல்ல வேண்டியதைச் சொன்னாள். இரண்டு கையாலும் வாயருகே இழுத்துப் பிடித்து, ஒரு சொல்லும் தவறாமல் சொன்னாள். அப்போது அவளுக்கு அருகில் நின்றிருந்தவன் நான்.

அப்போது எங்கள் எஸ்டேட் மூடி வெகுகாலம் ஆகியிருந்தது. தேயிலைச் செடிகள் மரமாக வளர்ந்து, லயம் என்று நாங்கள் சொல்லும் தொழிலாளர் வீட்டு வரிசைகளுக்கு இடையில் பாதை தெரியாமல் போயிருந்தது. ஃபாக்டரியின் தகரக் கூரை ஒரு மழைக்காலத்தில் பாதி இறங்கி, அடுத்த மழைக்காலத்தில் மீதியும் இறங்கிவிட்டது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்த முதல் ஆள் நான். பட்டப்படிப்பும் முடித்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் குமுளிக்கும் பீர்மேட்டுக்குமாக அலைந்துகொண்டிருந்தேன். அந்த நேரத்தில்தான் சினிமாக்காரர்கள் ஜீப்பில் வந்து இறங்கினார்கள். போர் நடக்கிற ஒரு வெளிநாட்டுக்குச் செய்தி சேகரிக்கப் போகும் நிருபரைப் பற்றிய மலையாளப் படம். அந்த நாட்டுக்கு நேரில் போய் எடுக்க முடியாதல்லவா? அதனால் ஒரு நாட்டை இரண்டு துண்டாகக் கேரளத்திலேயே கண்டுபிடித்திருந்தார்கள். குண்டு விழுந்த நகரத்துக்கு எங்கள் எஸ்டேட். நகரத்துக்குப் போகிற வறண்ட வழிக்குப் பாலக்காட்டின் கிழக்கே பெருமாட்டிப் பக்கம், அந்த வருடம் மழை பொய்த்துக் கிடந்த மானாவாரிக் காடுகள். எனக்குத் தமிழும் மலையாளமும் ஆங்கிலமும் வரும் என்பதால், லயத்துத் தமிழாட்களுக்கும் படக்குழுவுக்கும் நடுவில் பேச என்னை வைத்துக்கொண்டார்கள். பெருமாட்டிக்கும் கூட்டிப் போனார்கள். அங்கே தன் காட்டில் எரிந்த லாரி ஒன்றை நிறுத்தியிருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த விவசாயி ஒருவர் மெதுவாக என் பக்கத்தில் வந்தார்.

“ஏனுங் தம்பி, அந்தூர்லயும் பூமி இப்படித்தான் காஞ்சு கெடக்குதுங்களா?”

“அப்படித்தான் சொல்றாங்க.”

“அப்பறம் என்னத்துக்குங்க அடிச்சுக்கறாங்க? இந்தக் காட்டுக்கா?” என்று கேட்டுவிட்டு, என் பதிலுக்கு நிற்காமல் மாட்டைப் பிடிக்கப் போய்விட்டார்.

எங்கள் லயத்தைப் பார்த்ததும் கலை இயக்குநருக்கு வந்த சந்தோஷத்தை என்னால் மறக்க முடியவில்லை. கையைத் தட்டிக்கொண்டு, “ஒன்னும் பொளிக்கண்டா, எல்லாம் ரெடியா!” என்றார். எதையும் இடிக்க வேண்டியதில்லை, எல்லாம் ஏற்கெனவே இடிந்துதான் இருக்கிறது என்று அர்த்தம். உண்மைதான். ஓர் ஊர் அழிந்துபோனதாகக் காட்ட அவர் கூடுதலாகச் செய்தது சுவர்களில் கரி பூசியதும், உளியால் சில குண்டு ஓட்டைகள் போட்டதும் மட்டுமே. அந்த உளியைப் பார்த்து அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். “நம்ம வீட்டுச் செவுத்துல மட்டும் ஓட்டை போட வேண்டாம்னு சொல்லுலே. ஆனி ஆடியில தண்ணி இறங்கும்” என்றாள். சொன்னேன். அவர்கள் நல்லவர்கள். ஆள் இல்லாத வீட்டுச் சுவராகப் பார்த்து ஓட்டை போட்டார்கள். அப்படிப்பட்ட வீடுகளுக்கும் எங்கள் ஊரில் குறைவில்லை.

பெரியம்மா என் அம்மாவின் அக்கா. அவளுக்கு ஒரே மகன், என்னைவிட ஒன்பது வயது மூத்தவன். எஸ்டேட் கடைசியாக ஓடிய வருடங்களில் தற்காலிகத் தொழிலாளியாகப் பெயர் பதிந்திருந்தான். மூடியபின் குமுளியில் ஒரு ஓட்டலில் மாவு பிசைந்தான். அங்கிருந்து ஓர் ஏஜெண்ட் வழியாக வளைகுடாவுக்குப் போனான். போன இடத்தில் கம்பெனி அவனையும் இன்னும் சிலரையும் பஸ்ஸில் ஏற்றி, எல்லை தாண்டி, போர் நடந்துகொண்டிருந்த பக்கத்து நாட்டில் ஒரு ராணுவ முகாமின் சமையல்கட்டுக்குக் கொண்டுபோய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்ததும் பங்குச்சாமி வீட்டுப் போனுக்குக் கூப்பிடுவான். நான் ஏழாம் வகுப்பில் இருந்தேன். போனில் ஒருமுறை என்னிடமும் பேசினான். “இங்க மலையே கிடையாதுலே. திரும்பின பக்கமெல்லாம் வானம்தான்” என்றான். அடுத்த ஞாயிறு பேசுகிறேன் என்று பெரியம்மாவிடம் சொல்லி வைத்தான். அந்த வாரம் அந்த நாட்டுச் சாலையில் லாரிகள் வரிசையாக எரிந்ததைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். அடுத்த ஞாயிறு போன் வரவில்லை. அதன்பின் எந்த ஞாயிறும் வரவில்லை. பங்குச்சாமி யார் யாருக்கோ எழுதினார். இறந்தவர்கள் பட்டியலில் அவன் பெயர் இல்லை, திரும்பி வந்தவர்கள் பட்டியலிலும் இல்லை என்று பதில் வந்தது. அதற்குமேல் எவரும் எதுவும் சொல்லவில்லை.

ஒரு பத்திரிகைக்காரர் மட்டும் பைக்கில் வந்தார். பெரியம்மாவிடம் அரைமணி நேரம் பேசி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போனார். இரண்டு நாள் கழித்து மாவட்டச் செய்திப் பக்கத்தில் நான்கு வரி வந்தது. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த ஆளாக அன்று நான்தான் இருந்தேன். பீர்மேட்டைச் சேர்ந்த வாலிபர் ஒருவரைக் காணவில்லை என்று படித்துக் காட்டினேன். பெரியம்மா இன்னும் ஒருமுறை படிக்கச் சொன்னாள். பிறகு, “பேரு எங்கலே?” என்றாள். பெயர் இல்லை என்றேன். “அவருகிட்ட அத்தனை தடவ சொன்னேனே” என்று காகிதத்தை வாங்கி, எழுத்துகளின் மேல் விரலை வைத்துத் தடவிப் பார்த்தாள், எங்கேயாவது இருக்கும் என்பதுபோல.

பெயர் அவளுக்கு ஏன் அவ்வளவு பெரிதாக இருந்தது என்பது தேயிலைத் தோட்டத்தில் வளராதவர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. எங்கள் எஸ்டேட்டில் காலையில் வேலை தொடங்குமுன் எல்லோரும் களத்தில் கூடுவோம். அதற்குப் பெரட்டு என்று பெயர். கண்டக்டர் என்கிற தோட்ட மேற்பார்வையாளர் புத்தகத்தை விரித்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். ஆள் வராவிட்டால் அந்த வீட்டார் ஒருவர் வந்து கையைத் தூக்கிப் பதில் சொல்ல வேண்டும். பெயர், தகப்பன் பெயர், டிவிஷன், லயம், வீட்டு நம்பர் எல்லாம் சொல்லி, “ஆளு இருக்கு, காய்ச்சல்” என்றோ, “ஆளு இருக்கு, ஊருக்குப் போயிருக்கான்” என்றோ முடிக்க வேண்டும். மூன்று நாள் தொடர்ந்து பதில் சொல்ல யாரும் இல்லையென்றால் புத்தகத்தில் அந்தப் பெயரின் மேல் சிவப்பு மையால் கோடு விழும். பெயர் வெட்டுவது என்பார்கள். வெட்டினால் வேலை போகும், வேலை போனால் லயத்து வீடு போகும். அதனால் எங்கள் தாய்மார்கள் சாவு வீட்டிலிருந்துகூட ஒருத்தியைப் பெரட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். எஸ்டேட் மூடியபின் புத்தகமும் இல்லை, கூப்பிடுகிறவரும் இல்லை. ஆனால் ரேஷன் அட்டையில் மகனின் பெயரை நீக்கிவிடலாமா என்று ஒருநாள் அதிகாரி கேட்டபோது, பெரியம்மா அவர் கையிலிருந்து அட்டையைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டாள். “ஆளு இருக்குன்னு சொல்ல நான் இருக்கேன்லா? அவுக எப்படி வெட்டலாம்?” என்று அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

படத்தில் குண்டு விழுந்த தெருவில் நிற்க முப்பது பெண்கள் வேண்டும் என்றார்கள். வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டேன். பெரியம்மா வரமாட்டேன் என்றாள். “பொய்யா அழுறதுக்கு என்னயக் கூப்பிடாதலே. நெசத்துக்கே நான் அழல.” அது மெய். அவன் இறந்துவிட்டான் என்று ஆகிவிடுமே என்று அவள் ஒருநாளும் சத்தமாக அழுததில்லை. எனக்கு ஓர் ஆள் குறைந்தது. டைரக்டர் முன்னால் எண்ணிக்கை சரியாக இருக்க வேண்டும் என்ற பதற்றத்தில், யோசிக்காமல் ஒன்றைச் சொன்னேன். “இது எல்லா நாட்டுக்கும் போகிற படம் பெரியம்மா. அண்ணன் இருக்கிற நாட்டுக்கும் போகும்.” அதைச் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலை அவள் கோயிலுக்கு உடுத்தும் சேலையில் வந்து நின்றாள். எண்ணெய் வைத்துத் தலையைப் படிய வாரியிருந்தாள். உடைப் பொறுப்பில் இருந்த பெண் அந்தச் சேலைக்குமேல் ஒரு கறுப்புத் துணியைப் போர்த்தி, முகத்தில் சாம்பலும் மண்ணும் குழைத்துப் பூசினாள். பக்கத்து லயத்து அக்கா சும்மா இருக்கவில்லை. “ஏ மதினி, நாப்பது வருசம் கொழுந்து பறிச்சும் ஒட்டாத அழுக்க அஞ்சு நிமிசத்துல ஒட்டிட்டாளே இந்தப் புள்ள!” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். பெரியம்மா சிரிக்கவில்லை. அவள் உதடு எதையோ சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தது. வேண்டுதல் என்று நினைத்தேன்.

நிருபராக நடித்தவர் பெரிய நடிகர். பல பைகள் வைத்த கையில்லாத சட்டை, மூன்று நாள் தாடி, கழுத்தில் ஒரு துணி. இடிந்த தெருவில் பெண்கள் வரிசையைக் கடந்து நடந்து வருவார், ஒரு தாயின் முன் நிற்பார், மைக்கை நீட்டுவார், அவள் அவர் கையைப் பிடித்துக் கதறுவாள். இதுதான் காட்சி. முப்பது முகத்தில் டைரக்டர் பெரியம்மாவின் முகத்தைத் தேர்ந்தெடுத்தார். என்னிடம் மலையாளத்தில் சொன்னார்: அந்த அம்மா என்ன வேண்டுமானாலும் பேசட்டும், எந்த மொழியானாலும் சரி, பிறகு டப்பிங்கில் எல்லாவற்றையும் மாற்றிவிடுவோம். நான் பெரியம்மாவிடம் திரும்பி, “உங்களுக்கு என்ன சொல்லணுமோ சொல்லலாமாம்” என்றேன். பிறகு மாற்றிவிடுவார்கள் என்ற கடைசி வரியை விட்டுவிட்டேன். மறந்துபோய் விட்டதல்ல. வாயருகே வந்ததை விழுங்கினேன்.

நடிகர் மைக்கை நீட்டினார். பெரியம்மா அவர் கையைப் பிடிக்கவில்லை. மைக்கைப் பிடித்தாள். இரண்டு கையாலும் வாயருகே இழுத்து, மைக்கில் பேசுகிறவர்கள் கத்தக் கூடாது என்று யாரோ சொல்லிக்கொடுத்ததுபோல் தாழ்ந்த, தெளிவான குரலில் மகனின் பெயரைச் சொன்னாள். தகப்பன் பெயரைச் சொன்னாள். டிவிஷனை, லயத்தை, வீட்டு நம்பரைச் சொன்னாள். பிறகு ஒரு கையை மட்டும் விடுவித்து, பெரட்டுக் களத்தில் தூக்குவதுபோல் தோளுக்கு மேலே தூக்கி, “ஆளு இருக்கு. தூரமாப் போயிருக்கான்” என்று முடித்தாள். எங்கள் பெண்கள் அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்களுக்கு மட்டும் அங்கே நடந்தது புரிந்தது.

டைரக்டர் கட் சொன்னார். அழவே இல்லையே என்றார். மறுபடி எடுத்தார்கள். அதே சொற்கள், அதே கை. மூன்றாவது முறையும் அப்படியே. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. முகத்தை வேறு மைக்கின் பின்னால் மறைத்துவிடுகிறாள் என்று கேமராமேன் சலித்துக்கொண்டார். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கேமராவைப் பெரியம்மாவின் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், தோளுக்கு மேலே நடிகரின் முகத்தைப் பிடித்தார்கள். நடிகரின் கண்ணில் சொட்டு மருந்து விட்டார்கள். அவர் உதடு துடிக்க நடித்தார். உண்மையில் நல்ல நடிகர், நல்ல மனிதரும்கூட. ஷாட் முடிந்ததும் என்னைக் கூப்பிட்டு, “அம்மச்சி எந்தா பறஞ்ஞது?” என்று கேட்டார். என்ன சொன்னாள் என்று தெரிந்துகொள்ள விரும்பிய ஒரே ஆள் அவர்தான். எனக்குப் பின்னால் தயாரிப்பு மேலாளர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். “மகனைப் பற்றி ஏதோ சொல்கிறார், சார்” என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். அன்றைக்குள் இரண்டாவது முறையாக நான் நடுவில் நின்று வாயை மூடினேன்.

கொச்சியில் டப்பிங் நடந்தபோதும் என்னைக் கூப்பிட்டார்கள், கூட்டச் சத்தங்களுக்கு ஆள் பிடித்துத் தர. அங்கேதான் படப்பிடிப்பில் பதிவான ஒலியைக் கேட்டேன். பெரியம்மாவின் தலைக்கு மேலே, நீண்ட கம்பில், பஞ்சு சுற்றிய நிஜமான மைக் ஒன்று தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. அவள் அதைக் கவனிக்கவில்லை. கூழாங்கல் வைத்த மைக்கில்தான் அவ்வளவு கவனமாகத் தாழ்ந்த குரலில் பேசினாள். அதனால் ஜெனரேட்டர் இரைச்சலுக்கு அடியில் அவள் குரல், அடுத்த அறையில் யாரோ செபமாலை சொல்வதுபோல மெலிதாகக் கேட்டது. ஒலிப்பொறியாளர், “இது வேண்டாம்தானே?” என்று கேட்டு ஒரு பொத்தானில் விரலை வைத்தார். நான் அந்த விரலையே பார்த்தேன். ஒரு பிரதி கொடுங்கள் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அந்த இடத்தில் கல்லூரிப் பெண் ஒருத்தி, எழுதிக் கொடுத்த அர்த்தமில்லாத ஒலிகளை அழுதுகொண்டே சொன்னாள். முதல் முறையிலேயே சரியாக வந்தது.

படம் வந்ததும் கட்டப்பனைக்குப் போய்ப் பார்த்தோம். பெரியம்மா, அம்மா, பக்கத்து லயத்து அக்கா, நான். எங்கள் லயம் வெளிநாடாகத் திரையில் வந்தபோது அக்கா கையைத் தட்டினாள். பெரியம்மா முன் இருக்கையின் முதுகைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அந்தக் காட்சி வந்தது. கறுப்புத் துணி போர்த்திய ஒரு முதுகு, அதன் மேலே நடிகரின் நனைந்த கண்கள், வேறொருத்தியின் கதறல். நான்கு விநாடி இருக்கும். தியேட்டரில் பலர் மூக்கை உறிஞ்சினார்கள். அவர்கள் அழுதது அந்த நிருபருக்காக.

வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் டீ குடித்தோம். பெரியம்மா டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

“நான் பேசுனது வரலையே. அந்த மைக்குல சத்தம் ஏறலையோ?”

“மைக் ரிப்பேராகியிருந்துச்சு பெரியம்மா. அப்ப யாருக்கும் தெரியல.”

“அதான பாத்தேன்” என்றாள். முகத்தில் ஒரு தெளிவு வந்தது. “அப்போ இன்னொருக்க எடுக்கச் சொல்லுய்யா. மூணு தடவ எடுத்தாகல்லா, இன்னும் ஒரு தடவ எடுத்தா என்ன? நான் வாரேன். கறுப்புத் துணி நானே கொண்டாந்துருதேன்.”

சரி என்றேன். அந்தச் சரிக்குப்பின் என்னைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் அவள், “எப்ப எடுக்காகளாம்?” என்று கேட்பாள். நான் மழை முடியட்டும் என்பேன்.

இன்று நான் கொச்சியில் ஓர் அறையில் உட்கார்ந்து படங்களுக்குத் தமிழில் வசன வரிகள் எழுதுகிறேன். பல நாட்டுப் படங்கள் வருகின்றன. போர்முனை நிருபர்களைப் பற்றிய படங்கள் எத்தனையோ என் கையைக் கடந்துவிட்டன. முதல் அரைமணி ஓடியதுமே யார் சாவார்கள் என்று இப்போது என்னால் சொல்லிவிட முடியும். வண்டி ஓட்டுகிற உள்ளூர்க்காரன் சாவான், அதற்கு முன்னால் தன் குழந்தையின் படத்தை நிருபரிடம் காட்டுவான். நிருபர் குண்டு விழும் திசையை நோக்கி ஓடுவார். அலுவலகத்தில் ஒருவர் போனில் கத்துவார். கடைசியில் நிருபர் தன் ஊர் விமான நிலையத்திலோ வீட்டுச் சமையலறையிலோ தனியாக உட்கார்ந்து, கையில் இருப்பதைக் குடிக்க முடியாமல் எதையோ பார்ப்பார். அந்தக் கடைசிக் காட்சிகளில் பொய் இருப்பதாக நான் நினைக்கவில்லை. அப்படி உட்கார்ந்து போனவர்கள் இருப்பார்கள். நிருபர்களில் சிலர் உயிரையும் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் எனக்கு அனுப்பப்படும் வசனப் பட்டியலில் நிருபர் பேசுவது வரிக்கு வரி இருக்கும். அவர் முன்னால் நிற்கும் ஊர்க்காரர்கள் பேசும் இடத்தில், “வேற்று மொழியில் பேசுகிறார்” என்று மட்டும் இருக்கும். “பெண்கள் அழுகை” என்றிருக்கும். அந்த இடங்களில் நான் படத்தை நிறுத்தி அந்த வாய்களைப் பார்ப்பேன். சிலது நிச்சயம் எதையோ சொல்கின்றன. அந்த ஊரில் என்னைப்போல் ஒருவன் அவர்கள் பக்கத்தில், கேமராவுக்கு வெளியே, நின்றிருப்பான் என்று தோன்றும்.

சென்ற வருடம் எங்கள் படமே என்னிடம் வந்தது. இணையத்தில் வெளியிடத் தமிழ் வரிகள் வேண்டும் என்று அனுப்பியிருந்தார்கள். அந்த நான்கு விநாடிக்குப் பட்டியலில், “முதிய பெண் வேற்று மொழியில் கதறுகிறாள்” என்று இருந்தது. வெகுநேரம் பார்த்துவிட்டு அதை அழித்தேன். பெரியம்மா சொன்னதை, பெயர் முதல் கடைசிச் சொல்வரை, அப்படியே அடித்தேன். இரண்டு வரியில் அடங்கியது. இனி இந்தப் படம் தமிழ் வரிகளோடு எந்த நாட்டில் ஓடினாலும் அந்தப் பெயர் திரையின் அடியில் வரும், அன்று யோசிக்காமல் சொன்ன பொய் மெய்யாகப் போகிறது என்று நினைத்துக்கொண்டே அனுப்பினேன். மூன்றாம் நாள் சரிபார்ப்பவரிடமிருந்து குறிப்பு வந்தது. ஒலியில் இல்லாத வசனம், நீக்கவும். அவர் சொன்னது முறைதான். விளக்கி ஒரு கடிதம் எழுதத் தொடங்கினேன். எழுதி முடிக்காமலே வரிகளை நீக்கிவிட்டு, சரி என்று பதில் போட்டேன்.

இந்தக் கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனபோது மைக்கைப் பையில் எடுத்துப் போனேன். படப்பிடிப்பு முடிந்து அவர்கள் ஃபாக்டரியில் போட்டுவிட்டுப் போன குப்பையிலிருந்து நான் எடுத்து வைத்திருந்தது அது. பெரியம்மாவின் லயத்துக் கூரையில் இப்போது ஓடு பாதி, பிளாஸ்டிக் தாள் பாதி. அவளுக்குக் காது மந்தமாகிவிட்டது. வாசலில் வெயிலுக்கு உட்கார்ந்திருந்தவள் என்னைப் பார்க்குமுன் என் கையில் இருந்ததைப் பார்த்தாள்.

“அந்த மைக்குல்லா அது? ரிப்பேர் பாத்தாச்சா?”

“பாத்தாச்சு பெரியம்மா” என்றேன். அவளிடம் நான் சொன்ன கடைசிப் பொய் இதுவாக இருக்கட்டும். என் போனை எதிரே அரிசி டின்னின்மேல் சாய்த்து வைத்து, வீடியோ பதிவாகிறதா என்று இரண்டு முறை பார்த்தேன். அவள் உள்ளே போய் வெகுநேரம் கழித்து வந்தாள். தலையை வாரியிருந்தாள். தோளில் ஒரு கறுப்புத் துணி. எங்கே வாங்கினாள், எத்தனை நாளாக மடித்து வைத்திருந்தாள் என்று நான் கேட்கவில்லை. மைக்கை இரண்டு கையாலும் வாங்கி வாயருகே கொண்டுபோனாள். கை முன்புபோல் உறுதியாக இல்லை. கல் உருண்டு முட்டியது. அவளுக்கு அது கேட்கவில்லை.

அந்தப் பதிவு என் போனில் இருக்கிறது. யாருக்கு அனுப்புவது, எந்த நாட்டில் எந்தக் கதவைத் தட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. மேசையின் மேல் இருக்கும் மைக்கைப் பார்க்கும்போதெல்லாம் ஒருமுறை போட்டுக் கேட்கிறேன். முதலில் கூழாங்கல் ஓடுகிறது. பிறகு அவள் குரல் வருகிறது, இரைச்சல் எதுவும் இல்லாமல். முன்பு சொன்னதையேதான் சொல்கிறாள், கடைசி இடத்தில் மட்டும் தயங்குகிறாள். தூக்கிய கை இறங்கி, மறுபடி ஏறுகிறது. இந்த முறை அவள் சொன்னதில் ஒரு வரியையும் விடாமல் எழுதுகிறேன்.

“சகாயராஜ். தகப்பன் பேரு சவரிமுத்து. ரெண்டாம் டிவிஷன், ஒம்பதாம் லயம், நாலாம் வீடு. ஆளு இருக்கா தெரியல. பேரு இருக்கு. வெட்டிராதீக.”